தரை ஸ்லாத்தின் காலமும் உணவும்: எதை வெட்டுவது, சாணமா எலும்பா பல்லா?

அழிந்துபோன தரை ஸ்லாத் ஒன்றின் எலும்பிலிருந்து ஒரு கிராம் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அது அமிலத்தில் கரைந்து, உலையில் எரிந்து, சில எண்களாகத் திரும்பி வரும். எலும்பு திரும்பி வராது. அந்த விலங்கு எப்போது வாழ்ந்தது, என்ன தின்றது, எந்த மாதிரி நிலத்தில் திரிந்தது என்று கேட்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: எந்தப் பொருளைச் செலவழிப்பது, எந்த முறைக்குச் செலவழிப்பது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலத்தையும் உணவையும் ஒரே துண்டிலிருந்து தரும் பொருள் எதுவோ, அதற்கே முதலிடம். குகையில் கிடந்த கரித்துண்டிலிருந்து தேதி, இரண்டு அடி தள்ளிக் கிடைத்த பல்லிலிருந்து உணவு, பக்கத்து ஏரியின் மகரந்தத்திலிருந்து வாழிடம் என்று ஒட்டுப்போட்டுக் கட்டிய கதைகள் பிறகு இடிந்து விழுந்திருக்கின்றன.

தரை ஸ்லாத் என்றால் ஒரே விலங்கு என்று நினைத்துவிட வேண்டாம். இன்று மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தொங்கும் ஸ்லாத்துகளின் உறவினர்கள் இவை. ஆனால் வகைகள் ஏராளம். அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில் கிடைத்து மாட்ரிட்டுக்குக் கப்பலேறிய எலும்புக்கூட்டுக்கு 1796-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே மெகாதீரியம் என்று பெயரிட்டார். அது சுமார் 4 டன் எடை, 6 மீட்டர் நீளம். பெருவின் கரையோரத்தில் வாழ்ந்த தலசோக்னஸ் கடலில் இறங்கிக் கடற்புல் மேய்ந்தது. கரீபியத் தீவுகளில் இவற்றைவிடப் பலமடங்கு சிறிய வகைகள் இருந்தன. ஆகவே ஒரு வகைக்குப் பொருந்திய முறை இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. ஸ்லாத்துகளின் பல்லில் எனாமல் கிடையாது. யானை, குதிரை, மாடு என்று மற்ற விலங்குகளின் பழைய உணவை அறிய ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுவது எனாமலைத்தான். அது கெட்டியானது, மண்ணுக்குள் பல ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் அவ்வளவாக மாறாது. பல்லை எலக்ட்ரான் சுழல் ஒத்திசைவு முறையில் காலம் கணிக்கவும் எனாமல்தான் வேண்டும். ஸ்லாத் விஷயத்தில் இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன. மீதி இருப்பது சாணம், முடி, தோல், எலும்பின் கொலாஜன் என்ற புரதம், பல்லின் உள்திசுவான டென்டீன், சுற்றியுள்ள மண்.

சாணம்: கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில் ராம்பார்ட் குகை இருக்கிறது. மழைத்துளி படாத அந்தக் குகையில், வட அமெரிக்க வகையான ஷாஸ்டா தரை ஸ்லாத்துகள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட சாணம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. நெவாடாவின் ஜிப்சம் குகையிலும் அப்படித்தான். உயிர்ப்பொருளில் எஞ்சிய கார்பன்-14 அணுக்களை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறையை வில்லர்ட் லிபி உருவாக்கிய தொடக்க ஆண்டுகளிலேயே ஜிப்சம் குகைச் சாணத்தையும், சிலியில் உள்ள மிலோடோன் குகைச் சாணத்தையும் அளந்துபார்த்தார்கள். காரணம் எளிது. சாணம் என்பது அந்த விலங்கு சில நாட்களுக்கு முன் தின்ற செடி. செடியின் கார்பன் வயதுதான் விலங்கு அங்கே நின்ற நாளின் வயது. இடையில் எந்த ஊகமும் தேவையில்லை.

உணவு விஷயத்திலும் இதற்கு ஈடில்லை. காய்ந்த சாண உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி, டிரைசோடியம் பாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைத்தால் நார்கள் மெல்லப் பிரியும். சல்லடையில் அலசி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்தோலின் துணுக்குகள் தெரியும். ஒவ்வொரு செடிக்கும் அந்தத் தோலின் செல் அமைப்பு வேறு. நம் துத்திச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த குளோப்மேலோ என்ற பாலைவனச் செடிக்கு நட்சத்திர வடிவ முடிகள் உண்டு. கண்ணில் பட்டால் தவறவே விடமாட்டோம். இப்படி எண்ணித்தான் ரிச்சர்ட் ஹான்சன் 1978-ல் ராம்பார்ட் குகை ஸ்லாத்தின் உணவுப் பட்டியலை வெளியிட்டார். 72 பேரினச் செடிகள். குளோப்மேலோ 52 விழுக்காடு, எஃபெட்ரா என்ற புதர் 18 விழுக்காடு, மீதியில் உப்புநிலப் புதர்கள், வேல வகை முள்மரம், நாணல், கொஞ்சம் யுக்கா.

இந்தப் பட்டியல் ஒரு பெரிய விவாதத்துக்கே அடித்தளம் ஆனது. இதில் உள்ள முக்கியமான செடிகள் இன்றும் அந்தப் பகுதியில் முளைக்கின்றன. ஸ்லாத்துதான் இல்லை. அப்படியானால் தீனி இல்லாமல் அது அழியவில்லை, மனிதன் வந்ததே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் பால் மார்ட்டின் வாதிட்டார். வேட்டைதான் காரணம் என்ற அவரது முடிவை முழுதாக ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். ஆனால் அழிந்த காலமும் கடைசி உணவும் ஒரே உருண்டையில் இருந்ததால்தான் அப்படி ஒரு வாதத்தை வைக்கவே முடிந்தது.

சாணத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதா, டிஎன்ஏ எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. 1998-ல் ஹென்ட்ரிக் போய்னாரும் குழுவினரும் ஜிப்சம் குகையின் சுமார் 20,000 ஆண்டு பழைய சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துக் காட்டினார்கள். சர்க்கரையும் புரதமும் பின்னிக் கட்டிப்போட்டிருந்த டிஎன்ஏவை ஒரு ரசாயனத்தால் அவிழ்த்ததுதான் அவர்கள் செய்த புதுமை. 2000-ல் ஹோஃப்ரைட்டர் குழு அதே குகையின் ஐந்து சாண உருண்டைகளை எடுத்துக்கொண்டது. அவற்றின் ரேடியோகார்பன் வயது சுமார் 11,000, 20,000, 28,500. போட்டது ஷாஸ்டா ஸ்லாத்துதான் என்பது அதே சாணத்தில் இருந்த விலங்கு டிஎன்ஏவால் உறுதியானது. 13 தாவரக் குடும்பங்கள் அல்லது வரிசைகள் தெரிந்தன. 11,000-ல் நிலம் முன்னைவிட வறண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஸ்லாத் நீர்நிலைப் பக்கம் அதிகம் போயிருக்கிறது. காலம், உணவு, வாழிடம் மூன்றும் ஒரே உருண்டையில்!

ஆனால் டிஎன்ஏ பெரும்பாலும் குடும்பம், வரிசை வரைதான் நிற்கும்; எவ்வளவு தின்றது என்பதையும் நம்பகமாகச் சொல்லாது. நுண்ணோக்கி பேரினம் வரை போகும், விழுக்காடு தரும். ஆனால் எளிதில் செரிக்கும் பூவும் இளந்தளிரும் அதில் குறைத்தே தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் நுண்ணோக்கியைத்தான் சொல்வேன். செலவு குறைவு, மாதிரியும் பெரிதாக அழியாது, மீதத்தை டிஎன்ஏவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாணத்தின் குறை, அது கிடைக்கும் இடம். எலும்புக்கூடு வறண்ட வெளியிலும் சேற்றிலும் கிடைக்கும். சாணம் வறண்ட குகையில்தான். கிடைத்ததும் நிலைக்கவில்லை: 1976-ல் ராம்பார்ட் குகைக்குள் தீப்பிடித்து மாதக்கணக்கில் கனன்று, படிவின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. அதற்கு முன் எடுத்து வைத்த மாதிரிகள் இன்று எவ்வளவு மதிப்புள்ளவை என்று நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. இருப்பதில் பாதியைத் தொடாமல் வைப்பது என்ற விதியை எந்த ஆராய்ச்சித் திட்டமும் எழுத்தில் போட வேண்டும் என்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஜிப்சம் குகையை 1930, 31-ல் தோண்டிய மார்க் ஹாரிங்டன், ஸ்லாத் சாணத்தோடு மனிதர் செய்த ஈட்டித் தண்டுகளும் கிடைத்ததால் இருவரும் ஒரே காலத்தவர் என்று நம்பினார். 1970-ல் அந்தத் தண்டுகளையே நேரடியாக அளந்தபோது அவை 3,000 ஆண்டுகளுக்கும் உட்பட்டவை என்று தெரிந்தது. பக்கத்தில் கிடந்தது என்பது ஒரே காலம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

முடியும் தோலும்: சாணம் சொல்லாததைச் சொல்லும்

சிலியின் தென்கோடியில், உல்டிமா எஸ்பெரான்சா பகுதிக் குகை ஒன்றில் 1895-ல் ஒரு தோல் கிடைத்தது. முடி ஒட்டியிருந்தது; தோலுக்குள் சிறு சிறு எலும்பு மணிகள் பதிந்திருந்தன. புதிதாக உரித்தது போல் இருந்ததால் விலங்கு இன்னும் உயிரோடு திரிகிறது என்றுகூட அப்போது பலர் நம்பினார்கள். அதுதான் மிலோடோன் என்ற தரை ஸ்லாத்; முன்னே சொன்ன மிலோடோன் குகையும் இதுதான். டார்வின் 1832-ல் புன்டா ஆல்டாவில் எடுத்த தாடையை வைத்து ரிச்சர்ட் ஓவன் பெயரிட்ட விலங்கு.

அந்தக் குகைச் சாணத்தில் புல்லும் கோரையும்தான். ஆக, மிலோடோன் புல் மேயும் விலங்கு என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தோம். 2021-ல் ஜூலியா தேஹாதாவும் குழுவினரும் அதன் முடியில் உள்ள அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து நைட்ரஜன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்களின் விகிதத்தை, அளந்தார்கள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில், உணவுச் சங்கிலியில் மேலே போனாலும் நைட்ரஜன் விகிதம் பெரிதாக மாறாது. அந்த இடத்துச் செடியின் எண்ணை அப்படியே சுமந்துவரும். குளூட்டமிக் அமிலத்திலோ ஒவ்வொரு படிக்கும் எண் ஏறும். இரண்டின் இடைவெளி, விலங்கு சங்கிலியில் எந்தப் படியில் நின்றது என்று காட்டும். ஷாஸ்டா ஸ்லாத் சுத்தச் சைவம் என்று வந்தது. மிலோடோன் அப்படி இல்லை: செடியோடு விலங்குப் புரதமும் அதன் உணவில் இருந்திருக்கிறது.

சாணம் ஒன்று சொல்கிறது, முடி வேறொன்று சொல்கிறது; எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம் என்பது என் கருத்து. சாணம் ஓரிரு நாள் உணவின் பதிவு. முடி வளர்ந்த பல மாதங்களின் பதிவு. எப்போதாவது கிடைத்த செத்த விலங்கின் இறைச்சி பத்து சாண உருண்டைகளில் தென்படாமலே போகலாம். அதோடு, மாமிசம் சாணத்தில் செடி போல் தடயம் விட்டுப்போகாது.

இங்கே பணம் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அமினோ அமிலம் அமினோ அமிலமாக அளப்பது, மொத்த நைட்ரஜனை அளப்பதைவிடப் பலமடங்கு வேலை. மொத்த அளவீடு மலிவு. ஆனால் வறண்ட நிலத்தின் செடிகளிலேயே கனமான அணுவான நைட்ரஜன்-15 உயர்ந்திருக்கும்; அதை மட்டும் பார்த்து மாமிசம் தின்றது என்று சொல்லிவிட முடியாது. சைவமா அசைவமா என்பதுதான் கேள்வி என்றால் மலிவான முறையில் காசைப் போடாதீர்கள். செலவைத் தாங்க முடியாவிட்டால் மாதிரியைத் தொடாமல் வைத்திருப்பது மேல்.

எலும்பின் கொலாஜன்: சுத்தம் செய்வதில்தான் எல்லாம்

பெரும்பாலோருக்குக் கிடைப்பது எலும்புதான். எலும்பின் புரதமான கொலாஜனிலிருந்து, கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏஎம்எஸ் முறையில் தேதி எடுக்கலாம். கீழடிக் கரித்துண்டுகளை அளந்ததும் இதே ஏஎம்எஸ்தான். சில மில்லிகிராம் கார்பன் போதும், எட்டிப் பிடிப்பது சுமார் 50,000 ஆண்டு வரை. அதே கொலாஜனின் இன்னொரு துளியிலிருந்து கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதங்களும் கிடைக்கும். தேதியும் உணவும் ஒரே துண்டு என்ற என் விதிக்கு இது பொருந்துகிறது.

பிரச்சினை அழுக்கில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் காம்போ லபோர்டே என்ற இடத்தில் மெகாதீரியம் எலும்புகளும் கல் கருவிகளும் சேர்ந்து கிடைத்தன. முதலில் வந்த சில தேதிகள் பனியுகம் முடிந்து நெடுநாள் கழித்தும் மெகாதீரியம் அங்கே பிழைத்திருந்ததாகக் காட்டின. பம்பாஸ் அதற்குப் புகலிடமாக இருந்தது என்ற கருத்து அப்படித்தான் வலுப்பெற்றது. குஸ்தாவோ போலிடிஸ் குழு மறுபடியும் தோண்டி, கொலாஜனை இன்னும் கடுமையாகச் சுத்தம் செய்து அளந்து 2019-ல் வெளியிட்டபோது அந்தப் புகலிடம் காணாமல் போனது. விலங்கு கொல்லப்பட்டு வெட்டப்பட்டது 12,600 ஆண்டுகளுக்கு முன். சதுப்பு மண்ணின் கரிமப் பொருட்கள் எலும்புக்குள் ஊறி, தேதியை இளமையாக்கியிருந்தன.

எவ்வளவு அழுக்கு எவ்வளவு கெடுக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உண்மை வயது 12,000 ரேடியோகார்பன் ஆண்டு என்று வையுங்கள். அதில் 5 விழுக்காடு இக்காலக் கார்பன் கலந்தால் கருவி சுமார் 10,700 என்று காட்டும். 30,000 ஆண்டு பழைய எலும்பானால் ஒரே விழுக்காடு போதும், 27,200-க்கு இறங்கிவிடும். பழையது ஆக ஆகச் சுத்தத்தின் விலை ஏறுகிறது.

சுத்தம் எப்படி நடக்கிறது? எலும்புத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புப் பகுதி கரைந்து, அதே வடிவத்தில் வளைகிற கொலாஜன் மிஞ்சும். காரக் கரைசலில் கழுவினால் மண்ணின் ஹியூமிக் (மக்கிய) பொருள்கள் பழுப்பு நிறமாக இறங்கும். பிறகு வெந்நீரில் ஜெலட்டினாகக் கரைத்து வடிகட்டலாம். இது சாதாரண சுத்தம். இதற்கு மேல் இரண்டு வழி: பெரிய மூலக்கூறுகளை மட்டும் நிறுத்திக்கொள்ளும் நுண்வடிகட்டி, அல்லது புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து எக்ஸ்ஏடி பிசின் வழியாகச் செலுத்துவது. சதுப்பு, ஏரிப்படுகை, தார்க்குழி போன்ற இடங்களின் எலும்புக்கு எக்ஸ்ஏடியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். வறண்ட, சுத்தமான குகை எலும்புக்கு நுண்வடிகட்டி போதும். எதுவானாலும் கார்பன்-நைட்ரஜன் அணு விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் வராவிட்டால் அந்தக் கொலாஜனிலிருந்து தேதியும் வேண்டாம், உணவும் வேண்டாம்.

உணவுக்கு வரும்போது இடத்தைப் பார்க்க வேண்டும். செடிகள் ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் விதத்தால் சி3, சி4 என்று பிரியும்; இரண்டின் கார்பன் ஐசோடோப்பு எண்ணும் வேறு. கரும்பும் சோளமும் வெப்பநாட்டுப் புற்களும் சி4 வகை. மரங்களும் நெல்லும் குளிர்நாட்டுப் புற்களும் சி3. பிரேசில் போன்ற வெப்பநிலத்தில் கார்பன் ஐசோடோப்பு புல்லையும் இலையையும் பிரித்துக் காட்டும். தென் அமெரிக்காவின் தென்கோடியான தெற்குப் படகோனியாவில் புல்லும் சி3, புதரும் சி3. அங்கே கார்பன் எண்ணைப் பார்த்துப் புல்வெளியா காடா என்று கேட்பதில் பயனில்லை. அங்கே சாணமும் மகரந்தமும்தான் கை கொடுக்கும்.

எலும்பின் வடிவத்தை வைத்து உணவு சொல்லும் முறையும் உண்டு. எதையும் வெட்ட வேண்டாம் என்பது அதன் பெரிய பலம். பார்கோ, டொலேடோ, விஸ்காய்னோ மூவரும் 2006-ல் மூக்கு முகப்பின் அகலத்தை ஒப்பிட்டு, மெகாதீரியத்துக்கு ஒடுங்கிய முகமும் பற்றிப் பிடிக்கும் உதடும் இருந்திருக்கும், தேர்ந்தெடுத்துத் தின்றது என்றார்கள். லெஸ்டோடோன், குளோசோதீரியம் என்ற வேறு இரு தரை ஸ்லாத்துகளும் அகன்ற வாயால் வாரித் தின்றவை. ஆனால் 1996-ல் ஃபரின்யாவும் பிளாங்கோவும் மெகாதீரியத்தின் முன்கை அமைப்பை வைத்து அது குத்திக் கொல்லவும் வல்லது, இறைச்சியும் தின்றிருக்கலாம் என்றார்கள். 2017-ல் போஷெரன்ஸ் குழு ஐசோடோப்பு அளந்தபோது தாவர உணவுதான் வந்தது. வடிவம் அந்த உடலால் என்ன முடியும் என்று சொல்கிறது. அது என்ன தின்றது என்ற கேள்விக்கு வேதியியலைத்தான் கேட்க வேண்டும்.

பல்லும் மண்ணும்: கொலாஜன் இல்லாதபோது

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கொலாஜன் நிலைக்காது. பெலிஸ் நாட்டின் காரா பிளாங்கா நீர்க்குழியில் 2014-ல் முக்குளிப்பவர்கள் எரெமோதீரியம் என்ற பெரிய தரை ஸ்லாத்தின் பல்லை எடுத்தார்கள். வயது சுமார் 27,000. ஜீன் லார்மன் குழு பல்லை எலக்ட்ரான் கற்றையில் வைத்து, கனிமம் மாறிப்போன பகுதி எது, மாறாத பகுதி எது என்று ஒளிர்வை வைத்துப் பிரித்தது. மாறாத ஆர்த்தோடென்டீனில் (டென்டீனின் கெட்டியான அடுக்கு) மட்டும் பல்லின் வளர்ச்சிப் போக்கில் வரிசையாகத் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். அதிலிருந்து ஓர் ஆண்டின் பருவங்களே விரிந்தன: நீண்ட வறட்சி, அதற்கு முன்னும் பின்னும் குறுகிய மழைக்காலம், பருவத்துக்கேற்ப மாறிய தீனி. எலும்பிலோ சாணத்திலோ இந்த மாதக்கணக்கு நுணுக்கம் வராது. ஆனால் அந்த ஒளிர்வுச் சோதனை இல்லாமல் டென்டீன் எண்களைத் தருகிற எந்த முடிவையும் நான் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

மண்ணை அளப்பது கடைசி வழி. நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் ஸ்லாத் தடங்களும், அவற்றின் மீதே பதிந்த மனிதத் தடங்களும் உண்டு. தடத்தில் கொலாஜன் ஏது? அங்குள்ள மனிதத் தடங்களின் அடுக்குகளுக்கு 2021-ல் நீர்ச்செடி விதைகளை வைத்து 21,000 முதல் 23,000 ஆண்டு என்று தேதி சொன்னார்கள். நீர்ச்செடி தண்ணீரில் கரைந்த பழைய கார்பனை உறிஞ்சி வயதைக் கூட்டிக் காட்டும் என்று எதிர்ப்பு வந்தது. 2023-ல் நிலத்து ஊசியிலை மரங்களின் மகரந்தத்தையும், குவார்ட்ஸ் மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தையும் தனித்தனியாக அளந்து அதே காலத்தை உறுதி செய்தார்கள். மண்ணை நம்ப வேண்டியிருந்தால் இப்படி இரண்டு வேறு கடிகாரங்களாவது வேண்டும். 50,000 ஆண்டை வெகுவாகத் தாண்டியவற்றுக்கு எரிமலைச் சாம்பல் அடுக்குகள் நல்ல துணை; தலசோக்னஸ் கிடைத்த பெருவின் பிஸ்கோ பாறைகளில் அது வாய்த்திருக்கிறது.

ஆக, வறண்ட குகை என்றால் சாணம், அதோடு கொஞ்சம் முடி. சமவெளி, ஏரிப்படுகை என்றால் எலும்பு. முதலில் அரை கிராம் அளவில் கொலாஜன் இருக்கிறதா என்று மட்டும் சோதித்து, இருந்தால் எக்ஸ்ஏடி சுத்தத்தோடு தேதியும் ஐசோடோப்பும். வெப்பமண்டல நீர்நிலை என்றால் பல். கியூபாவின் மெகலோக்னஸ் மாதிரி, கண்டத்து உறவினர்கள் அழிந்து ஆறாயிரம் ஆண்டுக்குப் பிறகும் தீவில் பிழைத்த வகைகளுக்கு, ஒரே எலும்பில் முடிவு சொல்லாமல் பல எலும்புகளை நேரடியாக அளக்க வேண்டும். கடைசி விலங்கு எது என்பதுதான் அங்கே கேள்வி. அப்புறம், தேதியை வெளியிடும்போது, கருவி தரும் திருத்தாத ரேடியோகார்பன் ஆண்டா, திருத்திய நாட்காட்டி ஆண்டா என்று எழுதுங்கள். 11,000 ரேடியோகார்பன் ஆண்டு என்பது நாட்காட்டியில் ஏறக்குறைய 12,900. இதைக் குழப்பியதால் மனிதன் முதலில் வந்தானா ஸ்லாத் முதலில் போனதா என்ற வரிசையே மாறிவிடும். ஆய்வக எண், சுத்தம் செய்த முறை, கார்பன்-நைட்ரஜன் விகிதம் மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொருவர் அந்த எலும்பை மறுபடி வெட்ட வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.